வரப்புக்கு அந்தப் பக்கம்

(தஞ்சாவூரில் ஆடி மாத மாலையொன்றில், கல்லூரி மாணவர்களும் இசைக்குழு இளைஞர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



என்னை அழைக்க வந்த தம்பிகள் ஒரு இசைக்குழு நடத்துகிறார்கள். ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, ஒரு தவில், பாட இரண்டு பேர். சினிமாக் கம்பெனி தயவு இல்லாமல், சொந்தக் காசு போட்டு இரண்டு ஆல்பம் வெளியிட்டிருக்கிறார்கள். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டேன். "மூணாவது ஆல்பத்தைப் பத்திப் பேசுங்க ஐயா. எங்களுக்கு அதுக்கு என்ன செய்யிறதுன்னே தெரியலை" என்றார் ஒரு தம்பி. அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதல் ஆல்பத்துக்குக் குதிர் நிறைய நெல் இருக்கும். பதினைந்து வயதிலிருந்து சேர்த்துவைத்த மெட்டு, காதல், கோபம் எல்லாம் அதில் போய்விடும். இரண்டாவதுக்குக் குதிரின் அடியைச் சுரண்டலாம். மூன்றாவதுக்கு வரும்போது குதிர் காலி. விதைநெல்லுக்கே வெளியில் போக வேண்டும். எங்கே போகிறார்கள் என்பதில்தான் ஒரு குழுவின் குணம் தெரிகிறது.

நம் தமிழ்ப் பெண் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். மாயா என்கிற மாதங்கி அருள்பிரகாசம். உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த பாடகி. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவம் கழித்து, போர் துரத்தியதால் மறுபடியும் லண்டனுக்கே அகதியாகப் போனவர். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'அருளர்' என்று பெயர். அது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். 2007-இல் வந்தது 'கலா', அம்மாவின் பெயர். அதில் 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாட்டில் நம் ஊர் உறுமி உறுமுகிறது. நம் நையாண்டி மேளத்தில் கேட்கும் அதே உறுமல் லண்டன் இளைஞர்களை ஆடவைத்தது. 2010-இல் மூன்றாவது ஆல்பம் வந்தது. பெயர் 'மாயா'. அப்பா, அம்மா, பிறகு தான். மூன்றாவது படியில் ஏறி நின்று என் பெயர் இது என்று சொல்லிவிட்டார்.

அது ஒரு வழி. எனக்கு மனத்துக்கு நெருக்கமானது வேறொரு வழி. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தில்லியில் 1990-இல் ஒரு குழு உருவானது. பெயர் 'இந்தியன் ஓஷன்'. கிட்டார் வாசித்த சுஸ்மித் சென்னும், தபலா வாசித்துக்கொண்டே பாடிய அஷீம் சக்கரவர்த்தியும் தொடங்கியது. அடுத்த ஆண்டு பேஸ் கிட்டாரோடு ராகுல் ராம் சேர்ந்தார். பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் அமித் கிலாம் வந்தார். 1993-இல் எச்.எம்.வி. முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 1997-இல் வந்த இரண்டாவது, 'டெசர்ட் ரெயின்', தில்லியில் தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவு நிகழ்ச்சி மேடையில் வாசித்ததன் நேரடிப் பதிவு. இரண்டிலும் நல்ல இசை இருக்கிறது. ஆனாலும் அவற்றைக் கேட்கும்போது திறமைசாலிகள் நாலு பேர் வாசிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

2000-இல் டைம்ஸ் மியூசிக் வழியாக மூன்றாவது ஆல்பம் வந்தது. 'கந்தீசா'. ஏழே ஏழு பாட்டு. தலைப்புப் பாட்டு, கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவத் தேவாலயங்களில் பாடப்படும் பழைய வழிபாட்டுப் பாடல். மொழி சிரியாக், இயேசு பேசிய அரமேய மொழியின் ஒரு கிளை. 'புனிதமானவர்' என்று இறைவனைக் கூப்பிடும் சொல்தான் அந்தத் தலைப்பு. தில்லியில் ஒரு ராக் குழு, தங்களில் யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில், இன்னொரு சமூகத்தின் பிரார்த்தனையைக் குரல் நடுங்கப் பாடுகிறது. 'ஹில்லே லே' என்ற பாட்டு, 1989-இல் இறந்துபோன கோரக் பாண்டே என்ற புரட்சிக் கவிஞருடையது. போஜ்புரியில் எழுதப்பட்டது. 'மா ரேவா' என்பது நர்மதைக் கரை மக்களின் பாட்டு. ரேவா என்பது நர்மதைக்கு இன்னொரு பெயர். அம்மா, உன் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று ஆற்றைப் புகழ்கிற எளிமையான பாட்டு. கரையில் வாழ்கிறவர்களைத் தவிர யாருக்கும் தோன்றாத பாட்டு.

அது தில்லிக்கு எப்படி வந்தது? இங்கேதான் என் பேச்சின் உயிர் இருக்கிறது. பேஸ் வாசித்த ராகுல் ராம் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். திரும்பி வந்து நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் 1990-களின் முற்பகுதியில் நர்மதைப் பள்ளத்தாக்குக்குப் போனார். சர்தார் சரோவர் அணையால் மூழ்கப்போகும் ஊர்களில் மேதா பாட்கரின் தலைமையில் மக்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மக்களோடு நடந்தார், அவர்கள் திண்ணையில் படுத்தார். அப்படிப் போன இடத்தில் காதில் விழுந்த பாட்டுகள் அவரோடு திரும்பி வந்தன. பாட்டு சேகரிக்கப் போகாத மனிதருக்குப் பாட்டு கிடைத்தது.

தில்லியில் வேலை பார்த்த என் மைத்துனர் 'கந்தீசா' கேசட்டை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் என் ஊர். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 திறந்தார்களா, தண்ணீர் கல்லணை வந்ததா, எங்கள் மதகுக்கு எப்போது வரும் என்று நாள் எண்ணும் ஊர். 'மா ரேவா'வைக் கேட்டபோது நர்மதை என் கண்ணில் வரவில்லை. சேடையோட்டிப் பரம்படித்த எங்கள் வயல் வந்தது. பெண்கள் வரிசை கட்டிக் குனிந்து நின்று, இடது கையில் நாற்று முடியும் வலது கையில் இரண்டு மூன்று நாற்றுமாகச் சேற்றில் ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்வார்கள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். விரல் சேற்றில் இறங்குவதும் அடி முடிவதும் ஒன்றாக இருக்கும். நடவு முடிந்ததும் குலவை. அந்தத் தாளத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

1993-இல், கல்லூரி விடுமுறையில், ஒரு சின்ன டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். பாட்டெடுத்த அம்மாளுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். ஒரு மணி நேரம் பாடினார். கேசட்டின் மேல் நான் எழுதிவைத்தது: 'நடவுப் பாட்டு, எங்க ஊர்'. அவர் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் வீட்டு வயலில் வருஷா வருஷம் நட்டவர் அவர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. தென்னந்தோப்பு போனதைப் பற்றி ஊரே அழுதது, நானும் அழுதேன். பரண் பெட்டியில் இருந்த அந்தக் கேசட் ஊறி உப்பிப் போனதை இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அந்த அம்மாள் அதற்குப் பல வருஷம் முன்பே இறந்துவிட்டார். பாட்டும் என்னிடம் இல்லை, பெயரும் இல்லை. விசாரித்துப் பார்த்தேன். அவர் பிள்ளைகள் திருப்பூர் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்கள். இதை ஒரு மேடையில் சொல்வது இதுவே முதல் முறை.

நம் தஞ்சை மண்ணுக்குக் காது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஊரைப் போலக் கேட்ட ஊர் இந்தியாவில் குறைவு. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு இருந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய இசைக் குறிப்புகளை இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் காணலாம். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரப் பட்டாள பேண்டு வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுசுவரம் என்கிறோமே, அவை நாற்பது அளவில் இருக்கின்றன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டே அதில் ஒன்று. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதே வயலினில் தேர்ந்து, திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜாவிடம் தந்தத்தாலான வயலினைப் பரிசாக வாங்கினார். கிளாரினெட்டும் அப்படித்தான் சதிர்க் கச்சேரியில் வந்து உட்கார்ந்தது. கடல் தாண்டி வந்ததை எல்லாம் ஒரு தலைமுறைக்குள் நம் இரத்தத்தில் கலந்துகொண்டோம். அதற்காக நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் அதே காது, வரப்புக்கு அந்தப் பக்கம் பாடியதைக் கேட்கவில்லை. திருவையாற்றில் ஆராதனைப் பந்தல் போட்டிருக்கும் நாளில், குடமுருட்டிக் கரையில் யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்திருப்பாள். இரண்டும் கூப்பிடு தூரம். இரண்டும் சந்திக்கவில்லை. பந்தலில் பெண்கள் பாடுவதற்கே பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற ஒருவர் போராட வேண்டியிருந்தது என்றால், வயலில் பாடியவளுக்கு யார் பேசுவது? அவள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவள், கூலிக்கு நட்டவள். கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்தக் குடிசைகளில் இருந்தவர்களும் பகலில் இந்த வயல்களில் பாடியவர்கள்தான். டெல்டாவின் இசையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

வரப்பைத் தாண்டியவர்கள் இல்லாமல் இல்லை. தஞ்சையை அடுத்த ரெட்டிப்பாளையத்தில் பிறந்த அந்தோணி தாசன், நையாண்டி மேளத்தோடும் கரகாட்டத்தோடும் ஊர் ஊராகத் திரிந்து வளர்ந்தவர். 'லா பொங்கல்' என்ற குழுவில் தர்புகா சிவா, பிரதீப் குமார் போன்றவர்களோடு அவர் மேடையேறியபோது, கிட்டாரோடும் தர்புகாவோடும் நம் ஊர்க் குரல் கூச்சமில்லாமல் நின்றது. சினிமா அதற்குப் பிறகுதான் அவரைத் தேடி வந்தது. சென்னையில் 2018-இல் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடையேறியபோது, பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சமமாக நின்றன. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தக் குழுவில் பாடிய அறிவு என்ற இளைஞர், 2021 மார்ச்சில் தீ என்ற பாடகியோடு சேர்ந்து 'என்ஜாய் எஞ்சாமி' பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து வெறுங்கையோடு திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் பெயரை அந்தப் பாட்டுக்குள்ளேயே வைத்தார். நான் செய்யத் தவறியதை அந்தப் பிள்ளை செய்தார். பிறகு அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, பணம் எங்கே போனது என்று சர்ச்சை எழுந்ததும் உங்களுக்குத் தெரியும். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டிலேயே அந்த நிலை என்றால், வயலில் பாடும் ஒரு அம்மாளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றாவது ஆல்பத்துக்கு விதைநெல் எங்கே? நீங்கள் நெட்ஃபிளிக்ஸ் பார்த்து, வெளிநாட்டுக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதில் தவறே இல்லை. தீட்சிதரும் பட்டாள பேண்டைக் கேட்டவர்தான். இப்போது எதிர்ப்பக்கம் திரும்புங்கள். நரசிங்கம்பேட்டைக்குப் போய், ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுரம் செய்கிறவர்களின் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, ரங்கநாத ஆச்சாரியோடு உட்கார்ந்து சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாதசுரத்தை உருவாக்கியது அந்த ஊரில்தான். ஒரு மாபெரும் வித்துவானும் ஒரு மரக் கைவினைஞரும் சேர்ந்து யோசித்ததால் பிறந்த ஒலி அது. இன்று உங்கள் சவுண்டு இன்ஜினியரிடம் நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

பிறகு நையாண்டி மேளக் கலைஞர்களிடம் போங்கள். பம்பையும் கிடுகிட்டியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைக் கேளுங்கள். அதன் பின் வயலுக்குப் போங்கள். அது அவசரம். நடவு இயந்திரம் வந்துவிட்டது. தண்ணீர் தாமதமாகிற வருஷங்களில் நேரடி விதைப்பு. ஆள் கிடைக்காத ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நடுகிறார்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை; இடுப்பொடிகிற வேலையிலிருந்து நம் பெண்கள் விடுபட்டால் அது நல்லதுதான். ஆனால் வேலை போகிற வழியிலேயே பாட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பாட்டுகளைத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது எழுபத்தைந்து வயது. நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், ரேஷன் கடை வாசலில் நிற்கிறார்கள்.

போகும்போது ஒரு முறை உண்டு. 'நாட்டுப்புறப் பாடல்' என்று மொட்டையாகப் போட்டுவிட்டு வராதீர்கள். பாடியவர் பெயர், ஊர், தெரு, யாரிடமிருந்து கேட்டுப் பாடினார் என்பது வரைக்கும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதம் வாங்குங்கள். பாடிய நேரத்துக்கு அங்கேயே பணம் கொடுங்கள், ஆல்பத்தில் வருமானம் வந்தால் அதிலும் பங்கு என்று எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு எப்படிப் பெயரும் பணமும் வேண்டுமோ அப்படித்தான் அவருக்கும். முடிந்தால் அவரையே ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்து மைக் முன்னால் நிறுத்துங்கள். அவர் குரலுக்கு உங்கள் கிட்டார் பின்பாட்டாக இருக்கட்டும்.

சுதந்திரக் குழு என்றால் கையில் காசு இருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் இது தஞ்சாவூர். ஆபிரகாம் பண்டிதர் என்ற சித்த மருத்துவர், மருந்து விற்ற பணத்தில் 1912 முதல் இந்த ஊரில் இசை மாநாடுகள் நடத்தி, நாடெங்கும் இருந்து வித்துவான்களை வரவழைத்துச் சுருதிகளைப் பற்றி வாதாட வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் 'கருணாமிர்த சாகரம்' எழுதி, 1917-இல் தம் சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். எந்த ஜமீனும் அவரை ஆதரித்து எழுதவைக்கவில்லை. தன்னுடையதைத் தானே வெளியிடுவது என்று நீங்கள் இன்று சொல்லும் வழியில், அவர் நூறு வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டார்.

இந்தியன் ஓஷன் குழுவும் பின்னால் அப்படியே செய்தது. 2009 டிசம்பரில் அஷீம் சக்கரவர்த்தி மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டு, அவர் குரல் இருந்த பாட்டுகளை '16/330 கஜூர் ரோடு' என்ற பெயரில் மாதம் ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். அவர்கள் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் விலாசம் அது. ஆனாலும் அவர்கள் எந்த மேடை ஏறினாலும், கூட்டம் இன்றும் கேட்பது 'கந்தீசா'வையும் 'மா ரேவா'வையும்தான். மூன்றாவது ஆல்பத்தில், பிறர் வாயிலிருந்து வாங்கிய பாட்டுகள்.

இன்னும் சில நாளில் ஆடிப் பதினெட்டு. சிறுவர்கள் சப்பரம் இழுப்பார்கள், பெண்கள் காதோலை கருகமணியும் காப்பரிசியும் ஆற்றுக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பின் சம்பா நாற்று விடுவார்கள். நடவுக்கு உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. உங்கள் போனிலேயே நல்ல ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. உங்கள் ஊரில் பாட்டெடுக்கிற ஒரு அம்மாள் வீட்டுக்கு இந்த வாரமே போங்கள். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.